பாலத்தில் நின்ற அரக்கன்

"மூணு" என்றான் கிதியோன். அட்டை மறைப்புக்குப் பின்னால் பகடைகள் உருண்டு நின்ற சத்தம் எப்சிபாவுக்கு நன்றாகக் கேட்டது. அவன் குனிந்து பார்த்ததையும், பார்த்த பிறகு உடனே வாய் திறக்காமல் மூக்கைச் சொறிந்துகொண்டதையும் அவள் கவனித்தாள். "அரக்கன் தடியை ஓங்கி அடிச்சான். நீ விலகிட்ட. தோள்ல லேசா உரசிட்டுப் போச்சு. மூணு உசிரைக் குறைச்சுக்கோக்கா." அவள் வலது கையால் பென்சிலை எடுத்து, வயிற்றின் மேல் கிடந்த தாளில் ஐம்பத்தெட்டை அடித்துவிட்டு ஐம்பத்தைந்து என்று எழுதினாள். இடது கையை அசைக்கக் கூடாது. அதில் இரண்டு ஊசிகள் ஏறியிருந்தன. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய், தலைமாட்டில் நிற்கும் இயந்திரத்துக்குள் சுற்றி, வடிகட்டியில் கழிவை விட்டுவிட்டு, மற்றதன் வழியாக உடம்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. டியூப் கைமீது படும் இடத்தில் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு தன்னுடையதுதான் என்று அவளுக்கு ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் அறைக்கு மதிய ஷிப்டில் வாரத்துக்கு மூன்று நாள் அவள் வருவாள். அவற்றில் சனிக்கிழமை மட்டும் தம்பி கிதியோன் கூடவே வந்து, சாப்பாட்டுத் தட்டு வைக்கும் சக்கர மேஜையை இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இழுத்துப் போட்டு, விளையாட்டைப் பரப்புவான். மூணு. ஏன் மூணு என்று ஒரு எண்ணம் தட்டியது, பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி. அவள் அதை நாக்கால் நெருடாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தாள்.

"எம்மா டீச்சர், நான் இப்பம் அம்பு விடலாமா?" என்றார் பக்கத்துக் கட்டிலில் இசக்கியப்பன் அண்ணாச்சி. மேலப்பாளையத்தில் கல்யாண வீடுகளுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். போன வருஷம் கிறிஸ்மஸுக்குப் பிறகு இந்தக் கட்டிலுக்கு வந்தார். அக்காவும் தம்பியும் என்னமோ கதை பேசிப் பகடை உருட்டுகிறார்களே என்று இரண்டு சனிக்கிழமை வேடிக்கை பார்த்தார், மூன்றாவது சனிக்கிழமை "எனக்கும் ஒரு ஆளைத் தாரும் தம்பி" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அவருக்கு ஒரு வில்லாளி. எப்சிபாவுக்கு வேம்பி என்ற வாள்காரி. அவ்வளவுதான் விளையாட்டு: கிதியோன் கதை சொல்லுவான், வழியில் வருகிற எதிரிகள் எல்லாருக்கும் அவனே உருட்டுவான். மற்ற இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு ஆளாக இருந்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுவார்கள். முடிகிறதா முடியவில்லையா என்பதைப் பகடை சொல்லும். "விடுங்க அண்ணாச்சி" என்றாள் எப்சிபா. அவர் இருபது முகப் பகடையைச் சாமி கும்பிடுவது மாதிரி நெற்றியில் ஒற்றி உருட்டினார். பதினொன்று. கிதியோன் யோசிக்காமலே "பட்டுட்டு" என்றான். பதினொன்று போதுமா? அரக்கனின் அந்தக் கல்தோலுக்கா? அண்ணாச்சி திருப்தியாகத் தலையணையில் சாய்ந்தார். சாய்ந்தவர் வழக்கம்போலக் கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். அவருக்கு பிபி இறங்கும் நேரம் அது. ரோஸ்லின் சிஸ்டர் வந்து அவருடைய கட்டிலின் கால்மாட்டை ஒரு சுற்று உயர்த்திவிட்டு, எப்சிபாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

ஏசி முதுகுக்குள் இறங்கியது. எவ்வளவு போர்த்தினாலும் அந்தக் குளிர் உள்ளேயிருந்துதான் வந்தது. வேம்பிக்கும் அந்தப் பாலத்தின் மேல் குளிருமா? ஆற்றிலிருந்து காற்று அடிக்கிறது என்று கிதி சொல்லியிருந்தான். பாலத்தை வரைந்தது எப்சிபாதான். பாலிடெக்னிக்கில் சிவில் பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிற கை. அளவு பிசகாமல் ஏழு கமான் போட்டு, நடுவில் ஒரு கமான் இடிந்து கிடப்பதாக வரைந்து கொடுத்தாள். அந்த இடிசலுக்கு அந்தப்பக்கம் கல்தோல் அரக்கன் நிற்பான் என்று அப்போதே அவன் சொல்லிவிட்டான். "யக்கா, முன்கூட்டியே சொல்லுதேன். உங்க ரெண்டு பேருக்கும் ஏழாவது லெவல். அவன் பலம் பன்னிரண்டு. எட்டு ஒம்பதுன்னா சரியான சண்டை, மூச்சு வாங்கும், ஜெயிச்சிரலாம். பன்னிரண்டுன்னா ஓடுறதுக்கு வழி பார்த்து வச்சிக்கிட்டுத்தான் கிட்ட போகணும்." முதல் லெவலில் ஒரு பெருச்சாளி போதும் ஆளைச் சாய்க்க. ஏழு வரை ஏறி வருவதற்கு வேம்பிக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஒவ்வொரு லெவலுக்கும் உடம்பில் கொஞ்சம் உயிர் கூடும், கையில் கொஞ்சம் வித்தை கூடும். ஆனால் எதிரியும் அதே அளவுக்கு வளர்ந்து வருவான். அது என்னடா கணக்கு, அப்படியானால் நான் வளர்ந்தேன் என்று எப்படித் தெரியும் என்று அவள் ஒருநாள் கேட்டபோது, பழைய பெருச்சாளியை ஒருநாள் வழியில் பார்ப்பாய், அன்றைக்குத் தெரியும் என்று சொன்னான். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்த எப்சிபாவும் ஒருத்தி இருந்தாள்தான். எந்தப் பாலத்தில் அவளை விட்டுவிட்டு வந்தோம் என்று இப்போது தெரியவில்லை.

மூணு. தடியடி என்றால் ஆறு முகப் பகடை மூன்றை உருட்டிக் கூட்டி, அதோடு கூட ஏழு. அது அவளுக்கு எப்படி மனப்பாடம் என்றால், வேம்பிக்கு முன்னால் விளையாட்டில் அவளுக்கு ஒருத்தி இருந்தாள், சிவந்தி என்று பெயர், அவளைக் கொன்றதும் இதே சாதி அரக்கன்தான். அப்போது எப்சிபாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியிருக்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து விளையாடினார்கள். அன்றைக்குக் கிதி மறைப்பே வைக்கவில்லை. எல்லாரும் பார்க்க உருட்டினான், அஞ்சு, ஆறு, நாலு, கூட ஏழு, இருபத்திரண்டு, சிவந்திக்குப் பதினெட்டுதான் மிச்சம். "செத்துட்டா" என்றான். குரலில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். வெறும் தாளில் எழுதின ஒருத்திக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வெளியே வந்ததும், ஒரு அடியைக் கொஞ்சம் குறைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டாள். அவன் பகடைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னான்: "குறைச்சா அப்புறம் நீ ஜெயிச்ச எதுவும் நீ ஜெயிச்சது இல்லைக்கா. நான் குடுத்தது." அப்படிப்பட்டவன். மூன்று பகடையும் ஒன்று ஒன்றாக விழுந்தால்கூட மூணு, கூட ஏழு, பத்து. பத்துக்குக் கீழே அந்தத் தடிக்கு அடியே கிடையாது. மூணு வராது. வரவே வராது. அவள் தாளைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து. அதற்கு மேலே ஐம்பத்தெட்டு, அதற்கு மேலே தொடங்கின கணக்கு, அறுபத்துநாலு. அதற்கு முன்னால் இரண்டு தடவை அரக்கன் குறி தப்பினான். இன்னொரு தடவை கால் வழுக்கிக் கைப்பிடிச் சுவரில் மோதிக்கொண்டான். கல்தோல் அரக்கன். கால் வழுக்கி.

மறந்திருப்பான். வேலை ஜாஸ்தி, ஹைவேஸ் கான்ட்ராக்டரிடம் சர்வே வேலை, வெயிலில் நின்றுவிட்டு வருகிறான், கணக்கு தப்பும். இல்லை, அவனுக்குக் கணக்கு தப்பாது. அண்ணாச்சிக்காகக் குறைத்திருக்கலாம். பாவம், போன வாரம் அவருக்கு முடியாமல் போய் பாதியில் ஊசியை எடுத்தார்கள். ஆனால் அண்ணாச்சியை அரக்கன் இன்னும் தொடவே இல்லையே, அடி எல்லாம் வேம்பிக்கு வந்ததுதானே. எனக்காக. நான் இன்றைக்கு மோசமாக இருக்கிறேனா? அவள் தன் முகத்தை எதிலாவது பார்க்க வேண்டும்போல் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சத்தம் அடைக்கப்பட்ட டிவியில் யாரோ மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். புளித்தண்ணீரைச் சட்டியில் ஊற்றினார்கள். தண்ணீர். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளந்த தண்ணீர். அம்மா கடைசி வருஷத்தில் சொம்பு சொம்பாகக் குடித்தாள். குடிக்கக் கூடாது என்று அவளுக்குத் தெரியுமா, தெரிந்தே குடித்தாளா? கால் இரண்டும் மாவு பிசைந்து வைத்த மாதிரி வீங்கியிருக்கும். விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். கிதி அதை ஒரு விளையாட்டாக அமுக்கி அமுக்கிப் பார்ப்பான், அப்போது அவனுக்கு எட்டாம் வகுப்பு. "கருவாட்டுல உப்பு கூடிப்போச்சு, அதான்" என்பாள் அம்மா. ஒவ்வொரு தடவையும் கருவாட்டின் மேல் பழி. ஆஸ்பத்திரிக்குத் தனியாகவே போய்விட்டு வந்தாள். என்னம்மா சொன்னார்கள் என்று கேட்டால் "ஒண்ணுமில்ல, மாத்திரை குடுத்திருக்காவ" என்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை எப்சிபா காலேஜ் விட்டு வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன, நிறைய செருப்புகள். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு கிதி அவளிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: "அம்மாவுக்குத் தெரியுமாக்கா?" தெரியும் என்றாள். "அப்பம் நம்மகிட்ட ஏன் சொல்லல?" அவன் பிறகு ஒருநாளும் அதைக் கேட்கவில்லை. ஆனால் பெங்களூரில் படிக்கப்போய் இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டு வந்து, முதல் நாள் மேஜையில் உட்கார்ந்ததுமே சொன்னான், எதிரி எவ்வளவு பெரியவனாகவும் இருக்கலாம், பலம் எவ்வளவு என்று தெரிந்துவிட்டால் ஓடலாம், ஒளியலாம், பேசிப் பார்க்கலாம், செத்தாலும் நாமாகச் சாகலாம். தெரியாமல் வருகிறவன்தான் அநியாயக்காரன்.

தெரியாமல் வருகிறவன். கையில் கட்டியிருந்த பிபி பட்டை தானாக இறுக ஆரம்பித்தது. அது இறுகும்போது யாரோ தெரிந்தவர் கூட்டத்தில் கையைப் பிடிப்பது மாதிரி இருக்கும், பிறகு விட்டுவிடும். வியாழக்கிழமை கிதிக்கு ஸ்கேன். அந்த எண்ணம் அப்படித்தான் வந்தது, எங்கிருந்தும் வராமல், பட்டை தளர்ந்த இடத்தில் வந்து நின்றது. வியாழக்கிழமை எடுத்த ஸ்கேன். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்று வெள்ளிக்கிழமை போனில் சொன்னான். இன்றைக்குக் காரில் வரும்போது கேட்டதற்கும் "வரும்க்கா" என்றான். வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட் அன்றைக்கே வரும். அவளுக்கு எத்தனை எடுத்திருப்பார்கள், டாக்டர் ஜெல்லைத் துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுக்கும்போதே பக்கத்து அறையில் பிரிண்ட் ஓடும். இது வெள்ளிக்கிழமையே அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சரி என்று போனை வைத்தாள். வைத்துவிட்டு அரிசி களைந்தாள். புருஷன் ஆல்வினுக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை என்று ஆன பிறகு, நான் தருகிறேன் என்று கிதிதான் வந்து நின்றான். வேண்டாம் என்று அவள் சொன்னாள். எவ்வளவு பலமாகச் சொன்னாள்? ஒரு தடவை. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை சொல்லும்போது அவளுக்கே கேட்காத குரலில். டாக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தெளிவாகத்தான் சொன்னார்: இது பரம்பரையாக வருகிற நோய், சிறுநீரகத்துக்குள் நீர்க்கட்டிகள், அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதனால் தம்பி தருகிறதாக இருந்தால் முதலில் அவரைப் பார்த்துவிட வேண்டும். பாதிக்குப் பாதி. இருபது முகப் பகடையில் பத்துக்கு மேலே விழுந்தால் தப்பித்தான், பத்தோ கீழேயோ விழுந்தால் இல்லை. அவளுக்கு ஏற்கெனவே கீழே விழுந்திருக்கிறதே, அதனால் அவனுக்கு மேலேதான் விழும் என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். பகடைக்கு அப்படி ஞாபகம் கிடையாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு உருட்டும் புதுசு. தெரிந்தும் அந்தக் கணக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

நல்ல செய்தி என்றால் வியாழக்கிழமையே ஓடி வந்திருப்பான். வாசலிலிருந்தே கத்தியிருப்பான். ஒருவேளை வேறு ஏதாவது சின்னத் தடங்கலோ, கல் இருக்கிறதோ, கொழுப்போ. சின்னத் தடங்கலுக்கு அரக்கனுடைய கை இப்படித் தளருமா. அவள் தம்பியைப் பார்த்தாள். மறைப்பு அட்டைக்கு மேலே அவன் நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. அட்டையின் இந்தப்பக்கம் அவள் வரைந்து ஒட்டின கோட்டைப் படம், அந்தப்பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. வெயிலாக இருக்கலாம். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய கையை, ஊசி ஏறியிருக்கும் இடத்தில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்ததை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாள் பார்க்காதது மாதிரி. இன்றைக்கு வந்ததிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்புறம் இன்னொன்றும் உறைத்தது, அதற்காக அவள் பிறகு வெகுநாள் தன்னை வைதுகொண்டாள்: முதலில் வந்த எண்ணம் தம்பியைப் பற்றியது இல்லை. அப்படியென்றால் எனக்குக் கிட்னி இல்லை என்பதுதான் முதலில் வந்தது. கடைக்குப் போனவன் வெறுங்கையோடு வந்து நிற்கிறதைப் பார்ப்பதுபோல் ஒரு சலிப்பு. ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அதன் பின்னால்தான் மற்றது வந்தது, மெல்ல, பாரமாக, கட்டிலோடு சேர்த்துத் தன்னைக் கீழே அழுத்துகிற மாதிரி. என் தம்பி. எட்டாம் வகுப்பு. அமுக்கின குழி அப்படியே நிற்கிறதைப் பார்த்துச் சிரிக்கிற முகம்.

"யக்கா, உன் முறை" என்றான் கிதியோன். "வேம்பி என்ன செய்யுதா?"

"அந்த அட்டையை எடு."

"என்னது?"

"அட்டையை எடுலே. பகடையைத் தொடாத. அப்படியே இருக்கட்டும்."

அவன் சிரிக்கப் பார்த்தான். "அது எப்படிக்கா, அதெல்லாம் பார்க்கக் கூடாதுல்லா." அவள் வலது கையை நீட்டி, மேஜையின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நகர்ந்தது, அட்டை தானாகவே சரிந்து படுத்தது. உள்ளே மூன்று ஆறு முகப் பகடைகள் கிடந்தன. ஆறு, நாலு, ஆறு. அவள் கூட்டினாள். பதினாறு, கூட ஏழு. இருபத்துமூன்று. பக்கத்தில் அரக்கன் குறி பார்த்த இருபது முகப் பகடை கிடந்தது, அதில் பத்தொன்பது. இயந்திரத்தின் பம்ப் சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி தூக்கத்தில் எதையோ மென்றார். கிதியோன் அட்டையை நிமிர்த்தி வைக்கக் கையைக் கொண்டுபோனான். பாதியில் அந்தக் கை நின்றது, மடியில் வந்து விழுந்தது.

"ரெண்டு பக்கமுமா?" என்றாள் எப்சிபா.

அவன் தலையாட்டினான். பிறகு அது போதாது என்று நினைத்தவன் மாதிரி, "ரெண்டு பக்கமும்தான்" என்றான். "சின்னச் சின்னக் கட்டியா நிறைய. இப்பம் ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னாவ. ரத்தம் எல்லாம் நல்லா இருக்காம். பிபியைக் கவனமா பார்த்துக்கிடணுமாம், வருஷா வருஷம் பார்க்கணுமாம். உனக்கு வந்த மாதிரியே வரும்னு சொல்ல முடியாதாம். வராதுன்னும் சொல்ல முடியாதாம்." அவன் குரல் சமமாகவே இருந்தது. கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி அவர்கள் சொன்னதை அப்படியே ஒப்பித்தான். "உன்கிட்ட எப்படிச் சொல்லுறது? உனக்குக் குடுக்கணும்னுதான் போனேன். திரும்பி வந்து எனக்கும் இருக்குன்னு சொன்னா..." அதற்கு மேல் குரல் சமமாக இல்லை. அவன் பகடை ஒன்றை எடுத்து, விரலால் அதன் முனையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை ராத்திரியும் நேற்று முழுக்கவும் இவன் இதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறான். ரோட்டில் வெயிலில் நின்று அளவு பார்த்திருக்கிறான். மத்தியானம் சாப்பிட்டானா? அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்றால் ஒரு கையில் ஊசி, மறு கையில் பிபி பட்டை. ஒன்றும் ஆகாதுலே, கடவுள் பார்த்துக்குவார், இப்போதெல்லாம் எவ்வளவோ மருந்து வந்துவிட்டது. சொல்லுவதற்கு வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன, எல்லாமே அம்மாவின் கருவாடு மாதிரி. அவள் ஒவ்வொன்றாக அனுப்பிவிட்டாள். இவனுக்கு இப்போது முதல் லெவல். இந்த வழியில் இவன் இன்றைக்குத்தான் முதல் அடி வைத்திருக்கிறான், கையில் ஒன்றும் இல்லை, நான் எவ்வளவோ தூரம் வந்துவிட்டேன். இவனுக்கு முன்னால் இதில் நடந்து இன்னும் இருக்கிறது நான் ஒருத்திதான். நான் குறைத்துச் சொன்னால் இவனுக்கு வேறு யார் சொல்லுவார்கள்.

"இருபத்துமூணு" என்றாள். பென்சிலை எடுத்தாள். "போன அடி எவ்வளவு? நிசத்தைச் சொல்லு."

"வேண்டாம்க்கா. இன்னைக்கு விட்டுருவோம்."

"சொல்லுலே."

"பத்தொம்பது." கையிலிருந்த பகடையைப் பார்த்தபடியே, "அதுக்கு முன்னாடி தப்பினதுல ஒண்ணு தப்பல" என்றான். "அது பதினாறு."

அவள் தாளில் எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். அறுபத்துநாலில் தொடங்கி, பதினாறு போய், பத்தொன்பது போய், இருபத்துமூன்று போய், ஆறு. வேம்பிக்கு ஆறு உயிர்தான் மிச்சம். இவ்வளவு நேரம் ஐம்பத்தைந்து என்று நினைத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றிருக்கிறாள், அடுத்த அடி வாங்கினால் முடிந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் ஒருமாதிரி ஆயிற்று. பிபி இறங்குகிறதோ என்று நினைத்தாள், இல்லை, பயம்தான். சுத்தமான பயம், பாலத்தின் கல்லும் கீழே தண்ணீரும் துல்லியமாகத் தெரிகிற பயம். இவ்வளவு நேரம் இது இல்லாமல் அல்லவா விளையாடிக்கொண்டிருந்தோம். "வேம்பி என்ன செய்யுதாக்கா?" என்று அவன் மறுபடியும் கேட்டான், இந்தத் தடவை மெதுவாக. அவள் படத்தைப் பார்த்தாள். இடிந்த கமான், கைப்பிடிச் சுவர், ஆறு. அந்தப்பக்கம் போக வேண்டும் என்றுதான் இத்தனை வாரம் வந்தார்கள். "அண்ணாச்சி ஆளை இழுத்துக்கிட்டு ஆத்துல குதிக்கா" என்றாள். "பாலம் வேண்டாம். வேற வழி பார்ப்போம்." கிதியோன் அட்டையை எடுத்து நிமிர்த்தவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்தான். இருபது முகப் பகடையை அவளிடம் நீட்டினான். "பன்னிரண்டுக்கு மேல வேணும்" என்றான். "கீழ விழுந்தா அவன் எட்டிப் பிடிச்சிருவான்." அவன் அப்படிச் சொன்னதும் அவளுக்கு ஆசுவாசமாக இருந்தது. பழைய குரல். அவள் உருட்டினாள். பகடை மேஜையின் ஓரம் வரை போய், அண்ணாச்சியின் கண்ணாடிக் கூட்டில் இடித்து நின்றது. பதிமூன்று.

ரோஸ்லின் சிஸ்டர் வந்து இயந்திரத்தைப் பார்த்து, "டீச்சருக்கு முடியப் போகுது" என்று சொல்லிவிட்டுப் பஞ்சும் பிளாஸ்திரியும் எடுக்கப் போனாள். அண்ணாச்சி அந்தச் சத்தத்தில் கண் விழித்தார். "அரக்கன் செத்துட்டானா தம்பி?" என்று கேட்டார். இல்லை, நாம் ஆற்றில் குதித்துத் தப்பி வந்துவிட்டோம் என்று கிதியோன் சொன்னான். அவர் "எனக்கு நீச்சல் தெரியாதே" என்றார். "வேம்பி இழுத்துட்டு வந்துட்டா" என்றான் அவன். "அப்பம் சரி" என்று அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சாயங்கால வெயில் ஜன்னல் கண்ணாடியில் பட்டு, டியூபில் ஓடுகிற ரத்தம் அந்த வெளிச்சத்தில் மாதுளைச் சாறு மாதிரி தெரிந்தது. கிதியோன் ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டான். இப்போது அவன் ஊசியை மறைவில்லாமல் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"வலிக்குமாக்கா?" என்றான்.

எறும்பு கடிச்ச மாதிரி என்று ஒரு பதில் அவளிடம் உண்டு. ஆல்வினுக்கும், பாலிடெக்னிக்கில் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும், கோயிலில் வந்து கையைப் பிடித்துக்கொள்கிற பெண்களுக்கும் அதைத்தான் சொல்லுவாள். அது வாய் வரைக்கும் வந்தது.

"வலிக்கும்" என்றாள். "குத்தும்போது நல்லாவே வலிக்கும். ஊசி பெரிசு. முதல் ஆறு மாசம் எனக்கு வாற வழியிலேயே வயித்தைக் கலக்கும். குத்தின பிறகு வலி இல்ல, குளிருதான். சில நாள் கால் இழுத்துப் பிடிக்கும், அப்பம் கத்தீருவேன். வீட்டுக்குப் போனா யார் பேசினாலும் எரிச்சலா வரும், ஆல்வினைப் போட்டு வைவேன். ராத்திரி தூக்கம் வராது."

"அப்புறம்?"

"மறுநாள் காலையில எழும்பினா உடம்பு லேசா இருக்கும். பத்து மணிக்கெல்லாம் பசிக்கும்."

"பசிக்குமா?"

"நல்லா பசிக்கும்லே."

சிஸ்டர் தட்டோடு வந்தாள். முதல் ஊசியை உருவி, பஞ்சை வைத்து, எப்போதும் எப்சிபா தானே அழுத்திப் பிடித்துக்கொள்வாள் என்பதால் அவளுடைய வலது கையை எதிர்பார்த்து நின்றாள். கிதியோன் தன் விரலைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்தான். ரொம்ப அழுத்தக் கூடாது, விடவும் கூடாது என்று சிஸ்டர் சொல்லிக்கொடுத்தாள். அவன் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சரியான அளவுக்கு அழுத்தினான். அவனுடைய விரலுக்கு அடியில் அவளுடைய நாடி உறுமிக்கொண்டிருந்தது.